செத்தவர் வீடா, துப்பறிபவர் வீடா?

வாட்ஸ்அப் குழு: கொழிஞ்சாம்பாறை வீடு

வியாழன் காலை

துரைசாமி: எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை எர்ணாகுளத்திலிருந்து மூன்று பேர் வந்து நம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏதோ துப்பறியும் நாவல் வரிசையை டிவி தொடராக எடுக்கிறார்களாம். மார்கழியில் இருபது நாள் வீடு வேண்டும் என்கிறார்கள். தொட்டிக்கட்டு முற்றம், ஆசாரக் கூடம், பின்னால் மாட்டுக் கட்டுத்தறி, தோப்பு எல்லாம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அபிப்பிராயம் சொல்லுங்கள்.

மணி: நிஜமாவா பெரியப்பா

மணி: யார் ஹீரோ

துரைசாமி: அதைக் கேட்கவில்லை.

ருக்மணி: கொலைக் கதையா தம்பி

துரைசாமி: ஆமாம் அக்கா. துப்பறிவது என்றால் கொலை இருக்கும்தானே.

ருக்மணி: தையில் திவ்யாவுக்கு முகூர்த்தம். மார்கழியில் ஆசாரத்தில் பொணத்தைக் கிடத்திப் படம் பிடிப்பார்கள். அடுத்த மாதம் அதே ஆசாரத்தில் பெண்ணை உட்கார வைத்துச் சீர் செய்வதா? எனக்கு இது சரியாகப் படவில்லை.

செந்தில்: வாடகை எவ்வளவு

துரைசாமி: இன்னும் பேசவில்லை.

செந்தில்: வீட்டு வரி இன்னும் அப்பா பேரில்தான் கட்டுகிறோம். பாகம் பிரிக்கவில்லை. அதை ஞாபகம் வைத்துப் பேசினால் நல்லது அண்ணா.

சரஸ்வதி: அதனால்தானே தம்பி குழுவில் போட்டிருக்கிறார்.

மணி: ஒற்றப்பாலம் பக்கம் வரிக்காசேரி மனை மாதிரி நம்ம வீடும் ஆகிடும். மோகன்லால் படத்து வீடுன்னு சொல்லி இன்னும் ஆட்கள் வந்து பார்க்கிறாங்க

சரஸ்வதி: அது பெரிய நம்பூதிரி மனை. நம் வீட்டில் மழை வந்தால் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்கிறோம்.

கார்த்தி: பெரிய மாமா, ஒன்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள். கதையில் நம் வீடு யாருடைய வீடு? செத்தவர் வீடா, துப்பறிபவர் வீடா?

துரைசாமி: எதுவானால் என்ன கார்த்தி. இருபது நாள்தானே.

கார்த்தி: இருபது நாளா, இருபது வருஷமா என்பதே அதில்தான் இருக்கிறது மாமா. நாவல் வரிசையை வைத்து எடுக்கும் தொடரில் செத்தவர் வீடு ஒரு கதையோடு முடிந்துவிடும். அடுத்த கதைக்கு வேறு ஊர், வேறு வீடு. துப்பறிபவர் வீடு அப்படியில்லை. கதைக்குக் கதை அவர் அந்த வீட்டுக்குத்தான் திரும்பி வருவார். இத்தாலியில் ஆந்த்ரேயா கமில்லேரி எழுதிய மொண்டல்பானோ நாவல்கள் 1999-ல் டிவிக்கு வந்தன. அந்த இன்ஸ்பெக்டரின் வீடாகக் காட்டியது சிசிலியில் புந்தா செக்கா என்ற சின்னக் கடற்கரை ஊரில் இருக்கும் வீடு. 2021 வரை அந்தத் தொடர் ஓடியது. மொட்டை மாடியில் நின்று கடலைப் பார்ப்பார், இறங்கிப் போய் நீந்துவார். அந்த வீட்டில் இப்போது காசு கொடுத்துத் தங்கலாம். தொடர் பார்த்தவர்கள் தேடி வந்து தங்குகிறார்கள்.

மணி: சுருக்கமா மச்சான்

செந்தில்: காசு கொடுத்தா? எவ்வளவு?

சரஸ்வதி: அண்ணி, மூலத்தறா அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். வாழை வாடுகிறது.

ருக்மணி: பொள்ளாச்சியில் இருக்கிற எனக்கு மூலத்தறா எப்படித் தெரியும் சரசு

துரைசாமி: நாளைக்கு என்கிறார்கள்.

திவ்யா: அப்பா நான் மீட்டிங்கில் இருக்கேன். என்ன நடக்குது? நம்ம வீட்டில் ஷூட்டிங்கா?? கல்யாணத்துக்கு முன்னாடியா??

ருக்மணி: அப்படிக் கேள் கண்ணு.

கார்த்தி: அம்மா, பொணம் கிடத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்கிறாயே, அதற்கு ஒன்று சொல்கிறேன். துப்பறியும் நாவல் எழுதிய அகதா கிறிஸ்டி 1938-ல் இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஆற்றங்கரையில் கிரீன்வே என்று ஒரு வீடு வாங்கினார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய் இருப்பார். 1956-ல் பொய்ரோ என்ற துப்பறிபவரை வைத்து எழுதிய ஒரு நாவலில் அந்த வீட்டையே பெயர் மாற்றி வைத்து, அங்கே இருக்கும் படகுக் கொட்டகையில் ஒரு சின்னப் பெண்ணைக் கொலை செய்ய வைத்தார். கதைதான். அதன் பிறகும் அதே வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். டேவிட் சூஷே பொய்ரோவாக நடித்த தொடர் 1989-ல் ஆரம்பித்து 2013-ல் முடிந்தது. கடைசி வருஷம் அந்தக் கதையை அந்த வீட்டிலேயே போய் எடுத்தார்கள். இப்போது அது பொதுமக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம்.

ருக்மணி: அவர்களுக்குக் கல்யாணச் சீர் ஆசாரத்தில் இல்லையே கார்த்தி

மணி: அத்தை பாயின்ட்

ருக்மணி: அதுவும் யார் வீட்டுக் கல்யாணம். என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய பெண். நல்லபடியாக நடக்க வேண்டும் என்று எனக்குத்தான் அதிக அக்கறை.

திவ்யா: அத்தை...

துரைசாமி: அக்கா அதை இங்கே வேண்டாம்.

கார்த்தி: அம்மா.

சரஸ்வதி: பால்காரர் வந்து, வீட்டை எர்ணாகுளம் பார்ட்டிக்கு விற்றுவிட்டீர்களாமே என்று கேட்கிறார். வேலந்தாவளம் வரைக்கும் பேச்சு போய்விட்டதாம்.

செந்தில்: விற்றதா? யார் சொன்னது?

செந்தில்: அண்ணா போனை எடுங்கள்

மணி: அப்பா, பால்காரர் சொன்னதுக்கெல்லாம் போன் பண்ணாதீங்க

துரைசாமி: செந்தில், யாரும் எதையும் விற்கவில்லை. வீட்டுப் பத்திரம் அம்மா பெட்டியில் இருக்கிறது. வந்து பார்த்துக்கொள்.

செந்தில்: அந்தப் பெட்டி அம்மாவிடம் இருக்கிறதா அண்ணியிடம் இருக்கிறதா என்பதைத்தான் மூன்று தீபாவளியாகக் கேட்கிறேன்.

வியாழன் இரவு

சரஸ்வதி: அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன். "கடைசியில் கொன்னவனைப் பிடிச்சிருவாங்களா? பிடிச்சிருவாங்கன்னா குடுங்க. சும்மா கொன்னுட்டுப் போறதுன்னா வேண்டாம்."

மணி: ஆத்தா வேற லெவல்

கார்த்தி: அம்முச்சி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அப்புச்சிக்கும் அதுதான் கணக்கு. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறியும் நாவல்களை மலையாளத்தில் வாங்கி வருவார், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ராஜேஷ்குமாரைத் தமிழில் வாங்குவார். இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பார். பேய், மாந்திரீகம் என்று கதை முடிந்தால் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிடுவார். மனிதன் செய்ததை மனிதன் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டும். தூர்தர்ஷனில் துப்பறியும் தொடர் ப்யோம்கேஷ் பக்‌ஷி வந்தபோது அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் உட்கார்ந்து பார்ப்பார். 1993-ல் பாசு சாட்டர்ஜி எடுத்தது. ரஜித் கபூர்தான் ப்யோம்கேஷ். வேட்டி ஜிப்பாவில் வருவார். சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு அறையில் உட்கார்ந்து பேசிப் பேசியே ஆளைப் பிடிப்பார். சரதிந்து பந்தோபாத்யாய் 1932-லேயே எழுத ஆரம்பித்த கதைகள் அவை. 1970-ல் அவர் இறந்தபோது கடைசிக் கதை பாதியில் நின்றது.

துரைசாமி: ஆமாம். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆன்டெனாவைத் திருப்ப என்னைத்தான் ஓட்டில் ஏற்றுவார்.

செந்தில்: என்னைத்தான் ஏற்றினார். நீங்கள் அப்போது கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்தீர்கள்.

துரைசாமி: லீவுக்கு வருவேனே.

செந்தில்: ஓடு உடைந்ததற்கு அடி வாங்கியது நான்.

கார்த்தி: அந்த ப்யோம்கேஷ் ஒரு கொலைக் கேசில்தான் சத்யவதியைப் பார்ப்பார். அவள் அண்ணன்மேல் பழி விழுந்திருக்கும். பழியை நீக்கிவிட்டுப் பிறகு அவளையே கல்யாணம் செய்துகொள்வார். குடும்பஸ்தன். அப்புச்சிக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ருக்மணி: துப்பறிகிறவனே கல்யாணம் செய்துகொள்கிறான். எனக்கு ஒன்று இருக்கிறது, மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறுவேன் என்கிறது.

மணி: மச்சான் லெஃப்ட் தி சாட்

கார்த்தி: நான் போகவில்லை. மாமா, நாளை பேசும்போது இதையும் கேளுங்கள். கதைகள் எத்தனை? நாவல் தீர்ந்தாலும் தொடர் நிற்காது. காலின் டெக்ஸ்டர் எழுதிய இன்ஸ்பெக்டர் மோர்ஸ் நாவல்கள் 13. டிவியில் வந்த பாகங்கள் 33. மீதியைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். இன்னொன்று, முதல் நாவல்களில் மோர்ஸ் ஓட்டியது லான்சியா கார். டிவியில் சிவப்பு ஜாகுவார் கொடுத்தார்கள். ஜனங்கள் மனதில் அது பதிந்துவிட்டது. எழுதியவரே பிறகு நாவலிலும் ஜாகுவார் என்று மாற்றிவிட்டார். டிவியில் எது வந்ததோ அதுதான் நிற்கும். அப்புறம் அந்த நாவலைப் படிக்கிறவர்களுக்கு அந்த வீடு என்றால் நம் வீடுதான். அதனால் ஒருமுறை கையெழுத்துப் போடும்போதே அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் பேச வேண்டும். ஆணி எங்கே அடிக்கலாம், எந்த அறை பூட்டியிருக்கும், ஜெனரேட்டர் எங்கே நிற்கும், உடைந்தால் யார் கட்டுவது, முன்பணம் எவ்வளவு, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

செந்தில்: இதுதான் சரி. எழுத்தில் வேண்டும்.

மணி: அப்பாவும் மச்சானும் ஒரே கட்சியா

வெள்ளி மாலை

துரைசாமி: பேசினேன். கார்த்தி கேட்கச் சொன்னதைத்தான் முதலில் கேட்டேன். நம் வீட்டில் கொலை இல்லை. ரிட்டயரான போலீஸ் டிஎஸ்பி ஒருவர், வயதான அம்மாவோடு இருக்கும் வீடாம். அவர்தான் துப்பறிபவர். கொலைக்கெல்லாம் கொல்லங்கோடு பக்கம் வேறு வீடு பார்த்திருக்கிறார்கள்.

சரஸ்வதி: அப்பாடா.

ருக்மணி: பொணம் வராதா

துரைசாமி: வராது அக்கா.

ருக்மணி: போட்டோவில்கூட மாலை போட்டு மாட்டக்கூடாது. அப்பா போட்டோ பக்கத்தில் இன்னொரு ஆள் போட்டோவுக்கு மாலை போட்டால் நான் வரமாட்டேன்.

துரைசாமி: சொல்லிவிடுகிறேன்.

கார்த்தி: அப்படியென்றால் அவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் மாமா. நல்ல விஷயம்தான். ஆனால் இருபது நாள் வாடகை என்று பேச வேண்டாம்.

துரைசாமி: இன்னொரு சிக்கல். சுவரில் இருக்கும் பாசியும் சுண்ணாம்பு உரிந்திருப்பதும்தான் அவர்களுக்கு வேண்டுமாம். மார்கழி முடியும்வரை வெள்ளையடிக்கக் கூடாது என்கிறார்கள். நான் கார்த்திகையிலேயே ஆள் சொல்லி வைத்திருக்கிறேன்.

திவ்யா: அப்பா NO

திவ்யா: கல்யாண போட்டோ எல்லாம் பாசி பிடிச்ச சுவர் முன்னாடியா

கார்த்தி: கதையில் நேற்று பச்சையாக இருந்த சுவர் இன்று வெள்ளையாக இருக்க முடியாது திவ்யா. அதனால்தான் கேட்கிறார்கள். அடுத்த வருஷமும் அதே நிறம் வேண்டும் என்பார்கள். அதையும் இப்போதே பேச வேண்டும்.

திவ்யா: மச்சான் நீங்க யார் பக்கம்

கார்த்தி: வீட்டின் பக்கம். தெரு பார்த்த சுவரை மட்டும் விட்டுவைக்கலாம், உள்ளே ஆசாரத்துக்கு அடிக்கலாம் என்று கேட்டுப் பார்ப்போம். இந்த மாதிரித் தொடரில் பெரும்பாலும் வீட்டை வெளியிலிருந்து காட்டிவிட்டு உள்ளே செட் போட்டு எடுப்பதும் உண்டு. உள்ளே எத்தனை நாள், வெளியே எத்தனை நாள் என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சரஸ்வதி: தை இரண்டாம் தேதி ஆள் கிடைக்காது. ஊரில் எல்லா வீட்டிலும் கல்யாணம்.

செந்தில்: வாடகைப் பணம் யார் கணக்கில் வரும்?

துரைசாமி: அம்மா கணக்கில் போடலாம்.

செந்தில்: அம்மா கணக்கு என்றால் பாஸ்புக் யாரிடம்

மணி: அப்பா

சரஸ்வதி: பாஸ்புக்கும் பெட்டியும் தம்பியே எடுத்துக்கொண்டு போகட்டும். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

ருக்மணி: சரசு, கோபத்தில் பேசாதே. ஓட்டை மாற்றுவதற்கே அந்தப் பணம் போதாது. முதலில் ஒழுகுகிற இடத்தைச் சரி செய்யுங்கள். பாகம் அப்புறம்.

செந்தில்: அக்கா இதையே எட்டு வருஷமாகச் சொல்கிறீர்கள்.

துரைசாமி: நாளைக்குச் சரி என்று மட்டும் சொல்லிவிடட்டுமா?

கார்த்தி: வேண்டாம் மாமா. குடும்பத்தில் பேசுகிறோம், திங்கட்கிழமை எழுத்தில் அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். வீடு பிடித்திருந்தால் இரண்டு நாள் காத்திருப்பார்கள். ஒப்பந்தத்தை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து அம்முச்சி, நீங்கள், சின்ன மாமா, அம்மா நான்கு பேரும் போட வேண்டும்.

செந்தில்: படித்துப் பார்த்துவிட்டுத்தான்.

ருக்மணி: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே வாருங்கள். போனில் வேண்டாம்.

திவ்யா: வெள்ளையடிக்கிறதைப் பத்தி யாரும் முடிவு சொல்லலை

மணி: ஆத்தாவுக்கு அதில் ரோல் உண்டா? டிஎஸ்பியோட அம்மாவா

சரஸ்வதி: கேட்டேன். வசனம் இல்லையென்றால் நடிக்கிறேன் என்கிறார்.

துரைசாமி: ஞாயிறு எத்தனை பேர் வருகிறீர்கள்? சொன்னால் கோழி சொல்லிவிடுவேன்.

ருக்மணி: நாங்கள் மூன்று.

மணி: நான் உறுதி

செந்தில்: பார்க்கிறேன்.