அருங்காட்சியகப் படங்களை விக்கிமீடியா காமன்ஸுக்குத் தர: கடிதத்தில் என்ன, அட்டவணையில் என்ன?

மரப்பெட்டி:
வணக்கம். அறக்கட்டளை நடத்தும் ஒரு சிறு அருங்காட்சியகத்துக்காகக் கேட்கிறேன். விக்கிமீடியா காமன்ஸுக்கு (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் பொதுக் களஞ்சியம்) தர இருப்பவை: வெண்கலம், மண்பாண்டம், நாணயம் என 640 பொருட்களின் படங்கள், பழைய ஸ்டுடியோ ஒளிப்படங்கள் 150, பழைய அச்சு நூல்கள் 30 (ஸ்கேன்). பொருட்பதிவேடு எக்செலில் இருக்கிறது. "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையோடு தரலாம் என்கிறது நிர்வாகக் குழு. அது செல்லுமா? அனுமதிக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? 800 கோப்பை ஒன்றொன்றாக ஏற்றாமல் வேறு வழி உண்டா?

ஓலைக்கட்டு:
செல்லாது. வணிகத் தடை உள்ள உரிமத்தையும், மாற்றத் தடை உள்ளதையும் காமன்ஸ் ஏற்காது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி பை 4.0 (பெயர் சொன்னால் போதும்), சிசி பை-எஸ்ஏ 4.0 (பெயரோடு, மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்), சிசி0 (நிபந்தனையே இல்லை) இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு சொன்னால்தான் சண்டை வரும்.

குழு தயங்கினால் அளவைக் குறைத்துத் தரலாம். ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008 டிசம்பரில் 80,000-க்கு மேற்பட்ட படங்களை நீளப் பக்கம் 800 பிக்சல் அளவில்தான் தந்தது. பெரிய அளவுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இனி உரிமை. உங்களிடம் இருப்பவை மூன்று வகை, மூன்றுக்கும் கணக்கு வேறு. பழைய வெண்கலச் சிலைக்குப் பதிப்புரிமை இல்லை, அதைப் படம் எடுத்தவருக்கு உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், மாறான ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆர்வத்தில் இலவசமாக எடுத்துத் தந்தவர் என்றால் உரிமை அவரிடமே. அவரிடம் கையெழுத்து வாங்காமல் நீங்கள் தர முடியாது. சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்டுடியோ படங்களுக்கும் இதே தர்க்கம். காசு கொடுத்தது அந்தக் குடும்பம். படம் உங்கள் பெட்டியில் இருக்கிறது என்பதால் உரிமை உங்களிடம் வந்துவிடாது. இன்றைய சட்டப்படி ஒளிப்படத்துக்குக் காலம், எடுத்தவரின் ஆயுளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டும். காமன்ஸின் சர்வர் அமெரிக்காவில் இருப்பதால் அந்நாட்டுச் சட்டத்தையும் பார்ப்பார்கள். முதல் சுற்றில் இந்த 150-ஐத் தொடாதீர்கள்.

கடிதத்தில் ஐந்து விஷயம் போதும்: எழுதுபவர் யார், என்ன அதிகாரத்தில் எழுதுகிறார், உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது என்ற உறுதி, உரிமத்தின் முழுப்பெயரும் பதிப்பு எண்ணும், எந்தெந்தக் கோப்புகள் என்ற பட்டியல். "எங்கள் படங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று பொதுவாக எழுதினால் திரும்பி வரும். அறக்கட்டளையின் சொந்த டொமைன் முகவரியிலிருந்து காமன்ஸின் அனுமதி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். தன்னார்வலர் சரிபார்த்துச் சீட்டு எண்ணைக் கோப்புப் பக்கத்தில் போடுவார். ஜிமெயிலிலிருந்து போனால் நிறுவனம்தானா என்று கேட்டு இழுக்கும்.

தரவுத்தச்சன்:
மொத்தமாக ஏற்றுவதற்கு பேட்டிபேன் அல்லது ஓபன்ரிஃபைன் என்ற மென்பொருள். பேட்டிபேன் எளிது: கோப்புறையைக் காட்டினால் அட்டவணை செய்து தரும், நிரப்பித் திருப்பிக் கொடுத்தால் ஏற்றிவிடும். விக்கித்தரவிலும் (விக்கிமீடியாவின் தரவுத்தளம்) பொருட்களைப் பதியப் போகிறீர்கள் என்றால் ஓபன்ரிஃபைன்.

ஆனால் அதற்கு முன் அந்த எக்செலைப் பாருங்கள். "12/67" என்ற பதிவெண்ணை எக்செல் தேதியாக்கி டிசம்பர் 1967 ஆக்கியிருக்கும். "0045" வெறும் 45 ஆகியிருக்கும். பதிவெண் நெடுவரிசையை முதலில் "டெக்ஸ்ட்" வடிவுக்கு மாற்றிவிட்டு, காகிதப் பதிவேட்டைப் பார்த்துத் திருத்துங்கள். மாறிப்போனதை வடிவத்தை மாற்றி மட்டும் மீட்க முடியாது. பதிவெண் தவறினால் படத்துக்கும் பொருளுக்கும் உறவே போய்விடும். விக்கித்தரவில் அது போய் உட்காரும் இடம் பி217 என்ற புலம், சேகரிப்புக்கு பி195.

அடுத்தது கோப்புப்பெயர். எல்லை 240 பைட். யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்: "கோயில்" கண்ணுக்கு மூன்றெழுத்து, கணக்கில் க, ோ, ய, ி, ல, ் என்று 18 பைட். ஆகவே "சோழர்கால வெண்கல நடராசர் முன்பக்கத் தோற்றம்..." என்று நீட்டாமல், பொருள், பதிவெண், கோணம் என்று முடியுங்கள். விவரமெல்லாம் விளக்கப் பெட்டியில்.

முதலில் 15 கோப்பு மட்டும் ஏற்றி, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். பகுப்போ (படங்களை வகைப்படுத்தும் தலைப்பு) வார்ப்புருவோ (விவரப் படிவம்) தவறினால் 640 பக்கத்தைத் திருத்துவதைவிட 15-ஐத் திருத்துவது மேல்.

நாணயக்காரி:
படத்தின் மேல் அறக்கட்டளைப் பெயரை நீர்க்குறியாகப் போடாதீர்கள், காமன்ஸில் அதை வரவேற்பதில்லை. பெயர் "ஆதாரம்" வரியில் வரட்டும். நாணயம் என்றால் இருபுறமும் வேண்டும், எடையும் விட்டமும் வேண்டும். அவை இல்லாத நாணயப் படத்தைக் கட்டுரையாளர் எவரும் எடுக்கமாட்டார்.

மரப்பெட்டி:
நன்றிங்க. பொருட்படங்கள் எல்லாம் கூலிக்கு எடுத்தவை, ரசீது இருக்கிறது. நீர்க்குறி இல்லாத அசலும் உண்டு. ஏற்றிய பிறகு தகவலை யாராவது மாற்றினால்?

ஓலைக்கட்டு:
மாற்றுவார்கள், பெரும்பாலும் சரியாகத்தான். அந்த ஜெர்மன் காப்பகத்துக்குக் கிடைத்த கைம்மாறே அதுதான்: படக்குறிப்பிலிருந்த பிழைகளைத் தன்னார்வலர்கள் பட்டியலிட்டுத் தந்தார்கள். பகுப்பைக் கவனிப்புப் பட்டியலில் (மாற்றங்களைக் காட்டும் பட்டியல்) போட்டு, மாதம் ஒருமுறை பார்த்து, ஏற்கத்தக்கதை உங்கள் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். அதற்கு ஒருவரை இப்போதே நியமிக்க வேண்டும். நியமிக்காத இடங்களில் பதிவேடு ஒன்று சொல்லும், காமன்ஸ் ஒன்று சொல்லும். அருங்காட்சியகம் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை மட்டும் ஊழியர்கள் நேரடியாகத் திருத்த வேண்டாம், பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்.

மெய்ப்புநோக்கி:
புத்தகம் 30-ஐப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவை தமிழ் விக்கிமூலத்துக்குப் (நூல்களை எழுத்தாக்கி வைக்கும் தளம்) போகும். நாட்டுடைமையானவை என்றால் முதலில் அங்கே தேடுங்கள்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் 2,000-க்கும் மேற்பட்ட நூல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முன்னுரையோ ஓவியமோ வேறொருவருடையது என்றால் அவர் உரிமையைத் தனியே பாருங்கள். ஸ்கேன் 300 டிபிஐ, பக்கம் விடுபடாமல், ஒரு நூலுக்கு ஒரே பிடிஎஃப். நடுவில் ஒரு தாள் விட்டுப்போனால் அதன்பின் வரும் ஒவ்வொரு பக்க எண்ணும் நகரும், மெய்ப்பு பார்த்ததையெல்லாம் இடம் மாற்ற வேண்டியிருக்கும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா, னா வடிவங்களில் எழுத்துணரி (ஸ்கேன் படத்தை எழுத்தாக்கும் மென்பொருள்) தடுமாறும். அத்தகைய நூல்களுக்கு ஆள் கூடுதலாகத் தேவைப்படும், ஆகவே முதலில் இரண்டு மட்டும் ஏற்றுங்கள்.