ஓமராமால கிளைடர் ஏறப்போறேன், இஞ்சின் இல்லாம மலைக்கு மேல... பயப்படணுமா?

கிறைஸ்ட்சர்ச்_வாசி:
மக்களே, நியூசிலாந்துல இருக்கேன். நாப்பதாவது பொறந்தநாளுக்கு வீட்டுக்காரம்மா ஒரு வவுச்சர் வாங்கிக் குடுத்துட்டாங்க, தெற்குத் தீவுல ஓமராமாங்கற சின்ன ஊர்ல கிளைடர் ரைடு. வர்ற சனிக்கிழமை. நேத்து போன் பண்ணா "வடமேற்குக் காத்து பலமா இருக்கு, உங்களுக்கு செம லக், வேவ் கிடைக்கும், கூடுதல் காசு கட்டுனா மவுண்ட் குக் வரைக்கும் போலாம்"ங்கறாங்க (இந்த நாட்டுலயே உயரமான மலை அது). அவ்ளோ காத்து அடிக்கிற அன்னைக்கு இஞ்சினே இல்லாத ஒண்ணுல ஏறுறது எந்த ஊர் லக்கு? ஏறினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. வாந்தி வருமாங்கறதையும்.

தோசைக்கல்:
ஊட்டி பஸ்ல எந்த வளைவு வரைக்கும் தாங்குவீங்கன்னு சொல்லுங்க, அத வச்சு கணக்கு போடலாம் 😂 எதுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போங்க.

பழைய_கிளைடர்:
ப்ரோ, காத்து இல்லன்னாதான் நீங்க கவலைப்படணும். ஆத்துல ஒரு பாறை மேல தண்ணி ஏறி இறங்குது, பாறைக்குப் பின்னாடி அலை அலையா நிக்குதுல்ல, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும் ஆனா அலை அதே இடத்துல நிக்கும். அதேதான் இங்க காத்துல, அதத்தான் வேவ்ங்கறாங்க. டாஸ்மன் கடல்லேர்ந்து வர்ற காத்து சதர்ன் ஆல்ப்ஸ்ங்கற இந்தத் தீவோட மலைத்தொடர் மேல குறுக்கால மோதி, அந்தப் பக்கம் சரிஞ்சு, திரும்ப எகிறும். எகிறுற இடத்துல காத்துக்கு எதிரா மூக்க வச்சு நின்னா லிப்ட்ல போற மாதிரி மேல போயிட்டே இருக்கலாம். ஆகாசத்துல வடை தட்டி வச்ச மாதிரி மேகம் நகராம நின்னா அதான் அடையாளம். 1995ல உலக கிளைடிங் சாம்பியன்ஷிப்பே ஓமராமாலதான் நடந்துச்சு. பெர்லான்னு ஒரு டீம், கிளைடர்ல ரொம்ப உயரம் போகணும்னு மொதல்ல இங்கதான் ட்ரை பண்ணாங்க, சரியா அமையல, அப்புறம் அர்ஜென்டினா போயி ஆண்டிஸ் மலை அலையில 2018 செப்டம்பர் 2ல 76,000 அடிக்கு மேல போயிட்டாங்க, பயணிகள் விமானம் பறக்கறத விட டபுள்!

உங்க பயம் தப்பான இடத்துல இருக்கு. நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்துல இருந்தா அசையாத காத்துல 40 கிமீ சறுக்கும், பைலட் எப்பவும் இறங்க ஒரு எடம் மனசுல வச்சிருப்பார். கஷ்டம் அலைக்குக் கீழ இருக்கற ரோட்டர்தான், அங்க காத்து உருண்டு பெரளும். அதுல ஒரு பத்து நிமிஷம் குலுக்கும், பெல்ட்ட நல்லா இறுக்கிக்கோங்க.

வாசல்ல_நிக்கறேன்:
ரெண்டு சாக்ஸ் போடுங்க அண்ணா. ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி மாதிரி கொறையும், தலைக்கு வெயில் அடிக்கும் கால் ஐஸ் ஆயிடும். காலைல காபி குடிக்காதீங்க, காரணம் மேல போனா புரியும்.

கிறைஸ்ட்சர்ச்_வாசி:
போயிட்டு வந்துட்டேன்!! முதுகுல பாராசூட் மாட்டிவிட்டப்பவே திரும்பிடலாமான்னு இருந்துச்சு. முன்னாடி ஒரு குட்டி ப்ளேன் கயிறு கட்டி இழுக்குது, அந்த ரோட்டருக்குள்ள போனதும் ப்ளேன் ஒரு நேரம் என் தலைக்கு மேல, அடுத்த நொடி காலுக்குக் கீழ, கயிறு தொய்யுது, வெடுக்குன்னு இழுக்குது, நான் முருகா முருகான்னு சொன்னது பைலட்டுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் டங்குன்னு கயிறு விட்டார். கொஞ்ச நேரத்துல எல்லாம் நின்னு போச்சு. நெசமா நின்னு போச்சு, தம்ளர்ல தண்ணி வச்சா சிந்தாது. கண்ணாடிக்கு வெளிய ஒரு செவப்பு நூல் ஒட்டியிருக்காங்க, வண்டி நேரா போகுதான்னு பாக்க அதான் கருவியாம், இத்தனை லட்சம் வண்டிக்கு ஒரு நூல்! அது ஆடாம நேரா கெடக்குது, மேல ஏறுறோம்னு பீப் பீப்புனு ஒரு மெஷின் கத்திட்டே இருக்கு, கீழ பாத்தா அதே குன்று அதே எடத்துல, ஆனா உயரம் காட்டுற மீட்டர் ஏறுது. பத்தாயிரம் அடிக்கு முன்னாடியே மூக்குல ஆக்சிஜன் குழாய்.

அங்கேர்ந்து மலை வரிசை ஓரமா வடக்க ஓடுனோம், கிட்டத்தட்ட 100 கிமீ. புக்காக்கி ஏரி நீலத்துல பால் ஊத்துன மாதிரி, பனியாறு அரைச்ச பாறைத்தூளாம் அது. மவுண்ட் குக் 12,218 அடி, நாங்க 15,000 சொச்சத்துல, மலை உச்சியக் குனிஞ்சு பாத்தேன். அந்தாண்ட கடல் தெரியுது.

வாந்தி வரல தோசைக்கல். காபிதான் குடிச்சிருந்தேன், கடைசி நாப்பது நிமிஷம் மவுண்ட் குக்கே வேணாம்னு ஆயிடுச்சு.

வீட்டுக்காரம்மாவுக்கும் அடுத்த மாசம் புக் பண்ணிட்டேன். ரோட்டர் பத்தி இன்னும் சொல்லல.