ஏழு மாதமாகத் திருவிருந்துக்கு எழுந்து போகாதவன் கேட்கிறேன்

வெள்ளவத்தை வாசகன்:

நான் மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவன். வயது ஐம்பத்திரண்டு. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்து அப்பமும் திராட்சைச் சாறும் பெறும் சடங்கு. ஏழு மாதமாக நான் அதற்கு எழுந்து போகவில்லை. வரிசை வரிசையாக எல்லோரும் முன்னே போய்க் கிராதியருகே முழங்காற்படியிடும்போது, கால்களை ஒதுக்கி அவர்களுக்கு வழி விட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. இப்போது என் வாங்கில் இருக்கும் மூதாட்டி, தான் எழும்பும் முன்பே என் முழங்காலைப் பார்க்கிறார்.

காரணம் என் தம்பி. பருத்தித்துறையில் அப்பாவின் நான்கு பரப்புக் காணி. உறுதி யார் பெயரில் என்று தொடங்கிய பேச்சு, சட்டத்தரணி, நீதிமன்றம் என்று வந்து நிற்கிறது. அவனும் இதே சபைதான். இடப்பக்கம் நான்காவது வாங்கு. ஞாயிறுதோறும் அவனுடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டே "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று சொல்கிறேன். அதைச் சொல்ல வாய் கூசவில்லை. அப்பத்தை வாங்க மட்டும் கை கூசுகிறது. இது என்ன கணக்கு என்று எனக்கே விளங்கவில்லை.

போன மாதம் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் ஒன்பது வயது மகள் இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்று: "தட்டில் இருந்தது பாண்தானே, போதகர் ஐயா ஏன் அப்பம் என்கிறார்?" உண்மைதான். ஓரம் வெட்டிய பாண், தாயக்கட்டை அளவில் துண்டு துண்டாக. கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு அப்பம் என்றால் பின்னேரக் கடையில் சுடும் முட்டையப்பம். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மற்றதுக்குச் சமாளிக்க முடியவில்லை: "அப்பா, உங்களுக்கு ஏன் பசிக்கவில்லை?"

அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே இருக்கிறதா, அது அடையாளம் மட்டுமா என்று 1529 இல் மார்பூர்க்கில் சீர்திருத்தவாதிகளான லூத்தரும் சுவிங்கிலியும் முட்டிக்கொண்ட விவாதத்தை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம். என் கேள்வி அதைவிடச் சிறியது. அந்தப் பாண் துண்டையும் ஒரு மிடறு திராட்சைச் சாற்றையும் உட்கொள்ளும்போது மனிதனுக்குள் என்ன நடக்க வேண்டும்? மனம் சுத்தமானவனுக்குக் கிடைக்கும் பரிசா அது, சுத்தமில்லாதவனுக்குக் கொடுக்கும் மருந்தா? நான் ஒதுங்கியிருப்பது மரியாதையா, வீம்பா?

தெகிவளைச் சகோதரன்:

1 கொரிந்தியர் 11:27 முதல் 30 வரை வாசியுங்கள் சகோதரரே. அபாத்திரமாய், அதாவது தகாதவிதமாய்ப் புசிக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரும்படி புசிக்கிறான். கொரிந்துவில் அநேகர் வியாதிப்பட்டதும் மரித்ததும் அதனால்தான். கசப்பு நீங்கும்வரை தொடாதிருங்கள். ஜெபிக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரி:

நான் கத்தோலிக்கம். உங்கள் சபை வழக்கம் எனக்குத் தெரியாது. என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல முடியும்.

நாங்கள் இதை "நன்மை எடுப்பது" என்போம். என் அம்மம்மா பழைய ஒழுங்கில் வளர்ந்தவர். நன்மை எடுக்கும் நாளில் நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் வாயில் படாது. 1953 இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள்; 1957 இல் மூன்று மணி நேர உபவாசம் போதும் என்றார்கள்; 1964 இல் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அம்மம்மா எதையும் ஏற்கவில்லை. "பாப்பரசர் சலுகை தந்தார், நான் கேட்டேனா?" என்பார்.

நன்மைக்குச் சற்று முன் கோவில் முழுவதும் ஒரே குரலாகச் சொல்வோம்: "ஆண்டவரே, நீர் என் இல்லத்திற்குள் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்." சொல்லி முடிந்த கையோடு எழுந்து வரிசைக்குப் போவோம். சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. தகுதி இல்லை என்றவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள்? பிறகுதான் தெரிந்தது, வேலைக்காரனுக்குச் சுகம் கேட்டு இயேசுவிடம் வந்த நூற்றுவர் தலைவன் என்ற படை அதிகாரியின் வார்த்தை அது. தகுதி இல்லை என்று சொன்னவன் வெறுங்கையோடு திரும்பவில்லை. (ஆனால் சாவான பாவம், அதாவது பாரதூரமான பாவம் இருந்தால் எங்களுக்கு முதலில் பாவசங்கீர்த்தனம், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.)

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு எங்களுக்குப் போகக் கோவில் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மம்மா வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். நன்மை நேரம் வந்ததும் கண்ணை மூடி, பழக்கத்தில் நாக்கை நீட்டினார். சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு வாயை மூடி, விழுங்கினார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அன்றும் அவர் நள்ளிரவிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பது பகல் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது.

உங்கள் மகளின் இரண்டாவது கேள்விதான் என்னுடையதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்கிசை:

முதலில் தெகிவளைத் தம்பிக்கு. 27 இல் தொடங்கி 30 இல் நிறுத்திவிட்டீர். 20 இலிருந்து 33 வரை வாசித்தால் வேறு படம் தெரியும். நான் முப்பத்தொரு வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்தவன், ஆகவே பொறுத்துக்கொள்ளும். "அபாத்திரமாய்" என்பது வினையடை. சாப்பிடுகிறவன் எப்படிப்பட்டவன் என்பதை அது சொல்லவில்லை. எப்படிச் சாப்பிட்டான் என்பதைச் சொல்கிறது. மூலமான கிரேக்கத்திலும் அப்படியே. எப்படிச் சாப்பிட்டார்கள்? 21 ஆம் வசனம்: அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். இருப்பவர்கள் வயிறு நிறைத்தார்கள், இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். அந்தச் சபைக்குக் கடிதம் எழுதிய பவுலின் கோபம் அதன்மேல். அவர் சொல்லும் பரிகாரம் ஒதுங்கியிரு என்பதல்ல. 33 ஆம் வசனத்தில் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறார்.

வெள்ளவத்தைக்காரருக்கு: மருந்தா என்று கேட்டீர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார் இதைச் சாவாமையின் மருந்து என்று எழுதினார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் வெஸ்லியும் 1787 இல் வெளியிட்ட ஒரு பிரசங்கத்தில் உம்மைப் போன்றவர்களிடம்தான் பேசுகிறார். நீ தகுதியற்றவன்தான், கடவுளின் எந்த இரக்கத்துக்கும் தகுதியற்றவன். அதற்காக எல்லா இரக்கத்தையும் வேண்டாம் என்பாயா என்று கேட்கிறார். லூக்கா 22 ஐயும் பாரும். அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுத்த பிறகுதான் இயேசு, காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னோடுகூடப் பந்தியில் இருக்கிறது என்கிறார். அந்தக் கையை யாரும் தட்டிவிடவில்லை.

இதை வைத்துக்கொண்டு தப்பிவிட வேண்டாம். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:23-24 ஐ எல்லோரும் தலைகீழாக வாசிக்கிறார்கள். உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்றுதான் இருக்கிறது. காணி, உறுதி, நீதிமன்றம் எல்லாம் எழுதினீர். அவருடைய குறை என்ன என்று ஒரு வரிகூட எழுதவில்லையே?

கொரிந்தியரில் 29 ஆம் வசனம், "சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாததினால்" என்ற இடத்தில் தட்டிலுள்ளதை மட்டும் எண்ணாதேயும். சபையும் கிறிஸ்துவின் சரீரம்தான்; இடப்பக்கம் நான்காவது வாங்கும் அதற்குள் அடக்கம்.

மகள் பாண் என்று சொன்னால் திருத்த வேண்டாம். இயேசுவும் அன்று பந்தியில் இருந்த ரொட்டியைத்தான் கையில் எடுத்தார்.

வெள்ளவத்தை வாசகன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் நன்றி, தெகிவளைச் சகோதரருக்கும் சேர்த்துத்தான்.

ஆசிரியர் ஐயாவின் கேள்வி நன்றாக உறைத்தது. இரவு சட்டத்தரணியின் பற்றுச்சீட்டைத் திருப்பிப் போட்டு, தம்பியின் குறையை அதில் எழுதப் பார்த்தேன். அப்பா கடைசிப் பதினொரு மாதம் படுக்கையில் கிடந்தது அவனுடைய இரண்டறை வீட்டில். நான் ஞாயிறு பின்னேரம் அரைக் கிலோ முந்திரிகைப் பழத்தோடு போய், அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவேன். அதற்குமேல் எழுத வேண்டியிருக்கவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. தம்பியின் வரிசை எழும்பியபோது நானும் எழும்பி நடுவழிக்கு வந்துவிட்டேன். எங்கள் வாங்கின் முறை வர இன்னும் நேரமிருந்தது, ஒழுங்கு தவறுதான். அவன் என்னைக் கண்டான். ஒன்றும் சொல்லவில்லை. கிராதியில் ஓராள் இடம் விட்டுத் தள்ளி முழங்காற்படியிட்டான்.

நான் எழும்பியதைப் பார்த்து, முறை வந்துவிட்டது என்று எண்ணி என் வாங்கு மூதாட்டியும் பின்னாலேயே வந்திருக்கிறார். அந்த இடைவெளியில் அவர் போய் முழங்காற்படியிட்டுவிட்டார்! அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பாண் வந்தது, சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வந்தது. முடிந்து எழும்பும்போது அவரால் எழும்ப முடியவில்லை. ஒரு முழங்கையைத் தம்பி பிடித்தான், மற்றதை நான்.

காணி விடயம் அப்படியே இருக்கிறது. வழக்கின் அடுத்த தவணை நவம்பரில்.