மாமியாரும் மருமகளும் இருக்கும் குழுவில் மனம் திறந்து பேச வைப்பது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் கடற்பாசி வளர்க்கும் பெண்களின் சுயஉதவிக் குழு ஒன்றை ஒருங்கிணைக்கிறேன்.

ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற உளவியலாளர்கள் 1955-ல் முன்வைத்த ஜோஹாரி சாளரம் பயிற்சியை இங்கே நடத்த ஆசைப்படுகிறேன். ஒரு பட்டியலிலிருந்து எனக்குப் பொருந்தும் குணங்களை நான் எடுப்பேன், என்னை அறிந்தவர்களும் எடுப்பார்கள். இரு தரப்பும் சொன்னது திறந்த பகுதி. நான் மட்டும் சொன்னது மற்றவர்கள் அறியாதது. அவர்கள் மட்டும் சொன்னதுதான் என் கண்ணுக்கே படாத பகுதி. யாருமே சொல்லாதது நான்காவது கட்டம்.

எங்களுக்கு வேண்டியது அந்த மூன்றாவது. கச்சான் காற்றில் மிதவை அவிழ்ந்தால் முதல் ஆளாகக் கடலில் இறங்கும் ஓர் அக்கா, கூட்டத்தில் "எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறார். அவருடைய துணிச்சலை மற்றவர்கள் வாயால் அவர் கேட்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எல்லாரும் சொந்தக்காரர்கள். மாமியார் முன்னால் மருமகள் வாய் திறப்பாரா? மதினியிடம் குறை சொன்னால் அது வீடு வரை போகும். சிலருக்கு எழுதப் படிக்கவும் வராது.

பெயர் தெரியாமல், எழுத்தும் இல்லாமல் இதை எப்படி நடத்தலாம்? படங்களா, சோழிகளா? முதல் சில கூட்டங்களில் நல்ல குணங்களை மட்டும் வைத்துக்கொள்வது சரியா? யாராவது மனம் நொந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது? கிராமத்துக் குழுக்களில் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.