பட்டி பார்த்த சுவர் இரண்டே வருடத்தில் உதிர்கிறது, மறுபடி பெயிண்ட் அடிக்கும் முன் என்ன செய்யவேண்டும்?

குடந்தைவாசி:
வணக்கம். கும்பகோணத்தில் அப்பா 1986-இல் கட்டிய வீடு. தை கடைசியில் தங்கைக்கு நிச்சயதார்த்தம், அதனால் கூடத்துக்கும் அதை ஒட்டிய படுக்கையறைக்கும் பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும். இரண்டு வருடம் முன்புதான் பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் புட்டி) பார்த்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட் என்று முறையாகச் செய்தோம். இப்போது படுக்கையறையில் ஒரே ஒரு சுவர் மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஊதிப்போய், தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, உள்ளே பஞ்சு போல வெள்ளையாக உப்பு. கூடத்தில் ஈரமே இல்லை, ஆனாலும் பட்டியோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தகடாக விழுகிறது. வந்து பார்த்த பெயிண்டர், "சுரண்டிவிட்டு மேலே பட்டி வைத்து அடித்துவிடலாம் சார், நாலு நாள் வேலை" என்கிறார். சரி சொல்லிவிடலாமா? மறுபடியும் பணத்தைக் கொட்டப் பயமாக இருக்கிறது.

பட்டித்தகடு:
சொல்லாதீர்கள். நான் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு அறைக்கும் கோளாறு வேறு வேறு. அந்தப் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, குளியலறையா? ஊதிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அப்புறம் கூடத்தில் விழுந்த ஒரு தகட்டைத் திருப்பி முதுகில் விரலால் தேயுங்கள், மாவு ஒட்டுகிறதா?

குடந்தைவாசி:
பார்த்துவிட்டேன் அண்ணா. பின்னால் குளியலறைதான், தாளின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. கூடத்துத் தகட்டின் முதுகைத் தேய்த்தால் விரல் வெள்ளையாகிறது.

பட்டித்தகடு:
அது பழைய சுண்ணாம்பு. வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அடுக்கு அடுக்காக அப்படியே இருக்க, அதன் மேலேயே பட்டி வைத்திருக்கிறார்கள். பட்டி சுண்ணாம்பைத்தான் பிடித்தது, சுவரைப் பிடிக்கவில்லை. காய்ந்து இறுகும்போது அந்த மாவையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. அங்கங்கே விழுந்த இடத்தை மட்டும் சுரண்டினால் அடுத்த வருடம் பக்கத்து இடம் விழும். தண்ணீர் தெளித்து ஒரு கால் மணி நேரம் ஊறவிட்டுச் சிமெண்ட் பூச்சு தெரியும் வரை முழுச் சுவரையும் சுரண்டுங்கள், அலுப்பான வேலைதான். காய்ந்த பின் கையால் தடவினால் வெள்ளை ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு.

குளியலறைச் சுவருக்குப் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், முதலில் பிளம்பர். குழாய் மூட்டு, டைல்ஸ் இடுக்கு, தரையும் சுவரும் சேரும் மூலை, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு நின்ற பிறகு ஓதம் (ஈரக்கசிவு) ஏறிய உயரத்துக்கு மேலும் ஓர் அடி சேர்த்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் நன்றாக உலர விடவேண்டும். உப்பைக் கம்பி பிரஷால் உலர்வாகத் தேய்த்துத் தட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போய்விடும். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கழித்துத்தான் பிரைமர். ஆகவே பொங்கலுக்குள் அந்த ஒரு சுவர் ஆகாது தம்பி, விசேஷத்தன்று பூச்சோடு இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. முன்னால் பீரோவை மட்டும் ஒட்டி நிறுத்தாதீர்கள், காற்று படவேண்டும்.

கொத்தனார்மகள்:
பட்டி பற்றி ஒன்று. ஒயிட் சிமெண்ட் பட்டியாக இருந்தால் சுவரை லேசாக நனைத்துவிட்டுத்தான் இழுக்கவேண்டும், உலர்ந்த சுவர் பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அது இறுகாமல் பவுடராகவே நின்றுவிடும். இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவுக்கே குழையுங்கள். ஆழமான குழிகளைப் பட்டியால் நிரப்பாமல் சிமெண்ட் கலவை வைத்து அடையுங்கள். முக்கியமாக, உப்புத்தாள் (சாண்ட்பேப்பர்) போட்டுத் தேய்த்த பிறகு சுவரில் நிற்கும் தூசியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பிரைமர் அடிக்கவேண்டும், இதை யாருமே செய்வதில்லை. எங்கள் வீட்டில் அந்தத் தூசியின் மேலேயே அடித்து, காலண்டர் ஒட்டிய டேப்பை எடுத்தபோது பெயிண்டும் கூடவே வந்தது. சுவிட்ச் போர்டைச் சுற்றி நனைக்கும் முன் மெயினை நிறுத்துங்கள்.

ஜன்னலோரம்:
கதவு ஜன்னலையும் தேய்க்கப்போகிறீர்களா? 1986 என்றால் அந்தப் பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை) நனைத்துத் தேயுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், மாஸ்க் போடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் வேலை முடிந்து துடைத்து முடிக்கும் வரை அந்தப் பக்கமே வரவேண்டாம்.

குடந்தைவாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கூடத்தில் ஒரு சுவரைச் சுரண்டி முடித்தோம், வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை, ரோஸ் என்று ஐந்து அடுக்கு வந்தது. கடைசியில் சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தபோது அப்பா கையால் தடவிப் பார்த்து, "இதுதான் நான் பூசவைத்தது" என்றார். கை சுத்தமாக இருந்தது. குளியலறையில் குழாய்க்குக் கீழே இரண்டு டைல்ஸ் தட்டினால் டொக்கென்று சத்தம், பிளம்பர் புதன்கிழமை வருகிறார். பெயிண்டரிடம் கூடம் மட்டும் இப்போது, படுக்கையறை மாசிக்குப் பிறகு என்று சொல்லிவிட்டேன்.