மோட்டார் சைக்கிளில் நாமே வயர் இழுக்கும்போது இணைப்புகளுக்குக் காப்பு செய்வது எப்படி?

கேள்வி | சுங்கை சிப்புட்

வணக்கம். நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆட்களைக் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு)ச் செல்லும் மண்சாலையில் வெளிச்சம் போதவில்லை. அதனால் எனது ஹோண்டா இஎக்ஸ்5 வண்டியில் தலா 10 வாட் கொண்ட இரண்டு எல்இடி விளக்குகளையும், கைப்பேசிக்கு மின்னேற்றும் யூஎஸ்பி முனை ஒன்றையும் நானே பொருத்த எண்ணியுள்ளேன். முந்தைய உரிமையாளர் இழுத்த சில வயர்கள் முன்மூடிக்குள் இருக்கின்றன. கறுப்பு டேப் சுற்றிய இடங்களில் பசை இளகி வழிந்து, டேப் தானாகக் கழன்றிருக்கிறது. ஓர் இணைப்பில் செம்பு பச்சை பூத்து, தொட்டவுடன் இழைகள் உதிர்கின்றன. டேப்பை இன்னும் இறுக்கமாகச் சுற்றினால் போதுமா, அல்லது வேறு முறை உள்ளதா? இங்கு பெய்யும் மழையையும், வண்டியில் உரமூட்டை ஏற்றுவதையும் கணக்கில் கொண்டு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் | கோலகங்சார்

தம்பி, டேப்பின் சுற்றுகளைக் கூட்டுவதால் பயனில்லை. சாதாரண பிவிசி டேப்பின் பசை எஞ்சின் சூட்டில் இளகும். டேப் மெல்ல நழுவி, விளிம்பில் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியே நுழையும் மழைநீர் செம்பு இழைகளுக்கிடையே ஊர்ந்து வயரின் உள்ளே வெகுதூரம் போய்விடும். அதன்பின் மேலே சுற்றியுள்ள டேப், நீர் உலராமல் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். உரத்தையும் நீங்கள் சரியாகவே குறிப்பிட்டீர்கள். செம்பனைக்கு அதிகம் இடப்படும் பொட்டாசியம் குளோரைடு ஓர் உப்பு. அதன் தூள் ஈரத்தில் கரைந்து இணைப்பில் படிந்தால் அந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். நேர்முனை வயரின் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சையாகும்.

ஆகவே முதலில் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். விளக்கிலிருந்து இருக்கையின் அடிவரை ஒரே நீளமான வயரை இழுத்தால், காக்க வேண்டிய இடங்களே குறைந்துவிடும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். பல இழைகள் கொண்ட 0.75 சதுர மில்லிமீட்டர் வாகன வயர் உங்கள் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

இணைக்க வேண்டிய இடத்தில், கறுத்துப்போன செம்பை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளப்பான செம்பு தெரியும் வரை பின்னுக்குச் செல்லுங்கள். இணைப்பதற்கு முன்பே, உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் குழாயை வயரில் கோத்துவிட வேண்டும். இணைப்பின் இரு பக்கமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் நல்ல உறையின்மீது ஏறும்படி குழாயை நகர்த்தி, சூட்டுக்காற்றுக் கருவியால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சுருக்குங்கள். இரு ஓரங்களிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வந்தால்தான் நீர் புகாது என்று நம்பலாம். பசையில்லாத குழாய் மின்காப்பு மட்டுமே தரும், நீரைத் தடுக்காது. குழாயைக் கோக்க இயலாத இடங்களுக்கு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் உண்டு. அதை அதன் அகலம் பாதியாகும் அளவுக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மீது பாதி ஏறும்படி சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது.

இன்னொன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். ஹோண்டா வண்டிகளில் பச்சை வயரே எர்த். கறுப்பு வயர், சாவி போட்டதும் மின்சாரம் வரும் நேர்முனை. யமஹாவில் கறுப்புதான் எர்த். கடையில் வாங்கும் விளக்குகளில் பெரும்பாலும் கறுப்பு எர்த்தாகவே இருக்கும் என்பதால், நிறத்தைப் பார்த்துக் கறுப்பைக் கறுப்போடு இணைத்துவிடாதீர்கள். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். முடிந்தபின் அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

பதில் | ஈப்போ

அண்ணன் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். இரண்டைச் சேர்க்க வேண்டும். முதலாவது, ஈயம் வைத்துப் பற்றவைப்பது பற்றியது. பற்றவைக்கும்போது ஈயம் இழைகளின் வழியே உறைக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில், அதிர்வினால் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அசையும் இடங்களில் சரியான கருவி கொண்டு நசுக்கிப் பொருத்தும் இணைப்பையே நான் விரும்புகிறேன். பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால், அமிலம் கலந்த பசையைத் தவிர்த்து, ரோசின் என்னும் பிசின் உள்ளிட்ட ஈயக் கம்பியைப் பயன்படுத்துங்கள். உறையைக் குத்திப் பிடிக்கும் நீல நிற, சிவப்பு நிறக் கவ்விகளை வாங்கவே வேண்டாம். அவை இழைகளை வெட்டுவதோடு, நீர் புக வழியும் திறந்துவிடுகின்றன.

இரண்டாவது பியூஸ். உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், என்றோ ஒருநாள் உராய்ந்து சட்டத்தைத் தொட்டால் வயரைக் காப்பது பியூஸ் மட்டுமே. உங்கள் இரு விளக்குகளும் சேர்ந்து 20 வாட்; 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.7 ஆம்பியர். யூஎஸ்பி முனையையும் சேர்த்தால் 3 ஆம்பியருக்குள் அடங்கும். ஆகவே 5 ஆம்பியர் பியூஸை, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட நீண்ட வயர் காவலின்றி நிற்கும். சாவியை எடுத்ததும் விளக்கு அணைய வேண்டுமென்றால், சாவியின் கறுப்பு வயர் ஒரு ரிலேயை (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) இயக்கட்டும். நம் மலேசியாவில் 1992 முதல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பதால், முன்விளக்கின் பழைய வயரில் புதிய சுமையை ஏற்றாதிருப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர் | சுங்கை சிப்புட்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. இணைப்பின்மீது சிலிக்கோன் பசையைப் பூசி மூடலாமா? எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எலித் தொல்லை அதிகம். வயர்களை எப்படிக் காப்பது?

பதில் | தெலுக் இந்தான்

நண்பரே, புளிக்காடி வாடை வீசும் சிலிக்கோனைத் தொடாதீர்கள். அது காயும்போது வெளிவரும் அசெட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். மின்வேலைக்கென வரும், வாடை வீசாத வகையே ஏற்றது. கழற்றி மாட்டும் சொருகிகளுக்குள் பசை வேண்டாம். மின்கடத்தாச் சிலிக்கோன் கிரீஸைச் சிறிதளவு தடவினால் ஈரம் அண்டாது.

எலியைப் பொறுத்தவரை, தோட்டங்களில் கூட்டுப்பெட்டி வைத்து வளர்க்கும் கூகை ஆந்தைகள் செம்பனை மரங்களுக்கிடையே உதவுவது உண்மைதான். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அவற்றை நம்பியிருக்க இயலாது. நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய் உராய்வைத் தடுக்கும். பசித்த எலியைத் தடுக்காது. இருக்கையின் அடியில் எலி நுழையும் ஓட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகு வலையால் அடையுங்கள். வலையின் முனைகள் வயரைக் கீறாதபடி உள்பக்கம் மடித்துவிட வேண்டும். ஹோண்டா நிறுவனத்தின் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பும் உண்டு. அதை வெளிச்சுற்றாக மட்டும் பயன்படுத்துங்கள்.

வயர் செல்லும் பாதையையும் கவனியுங்கள். ஹேண்டிலை இடம் வலமாக முழுவதும் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமும் வயர் இறுகாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். புகைபோக்கியிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். தகட்டுத் துளை வழியே வயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், அந்தத் தகட்டின் விளிம்பே உறையை அறுத்துவிடும். சொருகிக்குள் நுழையுமுன் வயர் சற்றுத் தாழ்ந்து பிறகு மேலேறட்டும். மழைநீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும்.

எல்லாம் முடிந்ததும், பேட்டரியை மாட்டுமுன், விளக்குகளையும் யூஎஸ்பி முனையையும் சொருகியிலிருந்து கழற்றிவிட்டு, புதிய நேர்முனை வயருக்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டரில் தொடர்ச்சி காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது. காட்டாவிட்டால் அனைத்தையும் மாட்டி விளக்கை எரியவிட்டு, பேட்டரி முனைகளிலும் விளக்கு முனைகளிலும் வோல்ட்டை அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால், ஏதோ ஓர் இணைப்பைப் பிரித்து மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்; எர்த் இணைப்பிலிருந்து தொடங்குங்கள்.