சூப்பை வடிகட்டினால் சத்து எங்கே போகிறது?

கேள்வி:
அம்மாவுக்குப் பல் சிகிச்சை நடக்கிறது, மெல்ல முடியவில்லை. கேரட், தக்காளி, பசலைக்கீரை, ப்ரோக்கோலி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டிக் கொடுக்கிறேன். சக்கை குப்பைக்குப் போகிறது. சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்கிறார்களே, சரிதானா?

பதில் 1:
பாதிதான் சரி. பொட்டாசியம், வைட்டமின் சி, ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்) மூன்றும் தண்ணீரில் இறங்கும். பொட்டாசியம் கொதித்தாலும் அழியாது. மற்ற இரண்டும் சூட்டில் சிதையும். முக்கால் மணி நேரம் அவற்றுக்கு ரொம்ப அதிகம்.

எனக்கு வருத்தமே அந்தச் சக்கையை நினைத்துத்தான். கேரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் கொழுப்பில் கரைபவை, தண்ணீரில் கரையாது. அவற்றில் பெரும்பங்கும் நார்ச்சத்தும் குப்பைக்குப் போகின்றன. இத்தனைக்கும் இந்த இரண்டுக்கும் வேகவைப்பது நல்லது. செல் சுவர் உடைவதால், பச்சையாகத் தின்பதைவிட உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் எண்ணெயில் வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் நன்றாகச் சேரும்.

வடிகட்டாமல் மிக்ஸியில் நைசாக அரைத்துவிடுங்கள், மெல்லவே வேண்டாம். கேரட்டும் தக்காளியும் முதலில். கீரை, அடுப்பை அணைக்க இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது போதும். ப்ரோக்கோலியைப் பொடியாக நறுக்கி அரைமணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் போடுங்கள். அதில் சல்ஃபோராஃபேன் என்ற நல்ல சத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். நறுக்கி வைத்தால் அடுப்பேறும் முன்பே தன் வேலையைச் செய்துவிடும்.

பதில் 2:
அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு ஏதும் உண்டா? இருந்தால் கணக்கே வேறு. பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்கள் காயை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டுவார்கள். சூப்பில் அது முழுக்க உள்ளேயே இருக்கிறது. என் அப்பாவுக்கு டயட்டீஷியன் முதலில் நிறுத்தச் சொன்னது தெளிந்த காய்கறி சூப்பைத்தான். பசலையில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டும் அதிகம், கல் வந்தவர்கள் கவனிக்க வேண்டும்.

கேட்டவர்:
சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பிபி மட்டும் உண்டு. ருசிக்கு சூப் க்யூப் போடலாமா?

பதில் 1:
வேண்டாம், அதில் உப்பு மிக அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ருசிக்குக் காளானும் நசுக்கிய பூண்டும் போதும். பிபி மாத்திரைகளில் சில ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், அதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், இந்தக் காய்களில் புரதம் குறைவு. சூப்தான் அம்மாவுக்குச் சாப்பாடே என்றால், வெந்த பருப்போ அவித்த முட்டையோ சேர்த்து அரையுங்கள்.